கருநீலச் சட்டையும் தீராத களைப்பும்: போலீஸ் வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

நான் சிங்கப்பூர் காவல்துறையில் 24 ஆண்டுகள் இருந்து, ஸ்டாஃப் சார்ஜண்ட்டாக விலகியவள். பாதிக் காலம் ரோந்து, மீதி விசாரணைப் பிரிவு. சீருடையில் இருந்தவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்விகளை இப்போது கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது கேட்கிறார்கள். இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பிலும் வருகிறது. பெரும்பாலும் மனைவிமார்கள், அம்மாக்கள். சில சமயம் பெயர் சொல்லாத இளம் அதிகாரிகள். ஒரே பதிலைப் பல பேருக்குத் தட்டச்சு செய்து அனுப்பியதால், எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. பார்த்தது, பட்டது, தேடிப் படித்தது, இவ்வளவுதான் என் கையிருப்பு.

பர்ன்அவுட் என்கிறார்களே, அது வெறும் களைப்புதானே?

இல்லை. களைப்பு என்றால் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் போய்விடும். இது போகாது. லீவு முடிகிற அன்று சாயங்காலமே வயிற்றைப் பிசையத் தொடங்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்னும் நோய் வகைப்பாட்டில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. இது நோய் அல்ல, வேலையிடத்தில் நெடுநாள் சமாளிக்கப்படாத அழுத்தத்தால் வரும் நிலை என்கிறது அது. அடையாளம் மூன்று. உடம்பிலும் மனதிலும் தெம்பு வற்றிப்போவது முதலாவது. வேலையிலிருந்து மனம் விலகி, எதிலும் கசப்பும் அலட்சியமும் வருவது இரண்டாவது. நான் செய்வதால் என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் மூன்றாவது.

எனக்கு இரண்டாவதுதான் முதலில் வந்தது. ஒரு நாள் கவுண்டரில் ஒரு மலாய் மூதாட்டி, பர்ஸைத் தொலைத்துவிட்டுப் புகார் கொடுக்க வந்திருந்தார். நான் அடையாள அட்டை எண்ணைக் கேட்டேன், எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டேன், எல்லாம் சரியாக எழுதினேன். அவர் போன பிறகுதான் கவுண்டர் மேல் கசங்கிக் கிடந்த நாலைந்து டிஷ்யூ தாள்களைப் பார்த்தேன். அந்த அம்மாள் இருபது நிமிடமும் அழுதிருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை. புகாரில் ஒரு பிழை இல்லை, ஆனால் ஒரு மனுஷி எதிரில் அழுததை நான் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் பயந்தேன்.

வீட்டில் இருப்பவர்கள் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

சம்பந்தப்பட்டவர் உணர்வதற்கு முன்பே வீட்டில் தெரிந்துவிடும். அவரிடம் கேட்டால் "ஒன்றுமில்லை, தூக்கம் பத்தவில்லை" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

ஒரு தங்கை சொன்னது இது. புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் கார் வந்து நிற்பது அவள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். ஆனால் கணவர் மேலே வர அரை மணி நேரம் ஆகும். முதலில் யாருடனோ போனில் பேசுகிறார் என்று நினைத்திருக்கிறாள். ஒரு நாள் குப்பை போடும் சாக்கில் கீழே போய்ப் பார்த்தால், இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறார். போன் பக்கத்து இருக்கையில் கிடக்கிறது.

நான் கவனிக்கச் சொல்வது மாற்றத்தைத்தான். கலகலப்பானவர் மௌனமாவது, மௌனமானவர் எரிந்து விழுவது. முன்பு ரசித்த கால்பந்து, மீன்தொட்டி, தம்பி வீட்டுப் பிள்ளைகள் எதுவும் வேண்டாமல் போவது. புகார் கொடுக்க வந்தவர்களைப் பற்றி இளக்காரமாகவே பேசுவது. ஓய்வு நாளிலும் வாட்ஸ்அப் சத்தத்துக்குத் திடுக்கிடுவது. அடிக்கடி தலைவலி, வயிற்றுக் கோளாறு, எம்சி என்கிற மருத்துவ விடுப்பு. ஒன்றிரண்டு எல்லாருக்கும் எப்போதாவது வரும். பல அறிகுறிகள் சேர்ந்து வாரக்கணக்கில் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்கிற மாதிரி பேசுகிறார். என்ன செய்வது?

இதை மட்டும் நாளைக்குத் தள்ளாதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உள்ளே போய்விடாது. கேட்ட பிறகு அவரைத் தனியாக விடாதீர்கள். உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரிடம் 1767 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். தேசிய மனநல உதவி எண் 1771, மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்தின் 6389 2222, இரண்டும் இரவு பகல் பாராமல் எடுப்பவை. அழைப்பது அவராக இருக்க வேண்டும் என்றில்லை, நீங்களே அழைத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.

"போலீஸ் வீட்டிலிருந்து கூப்பிட்டால் விஷயம் வெளியே போய்விடுமே" என்று ஒரு அம்மா தயங்கினார். விஷயம் வெளியே போனால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். உயிர் அப்படி அல்ல.

ரத்தமும் பிணமும் பார்ப்பதால்தானே இப்படி ஆகிறது?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான். வீட்டுக்குள் இறந்து பல நாளான முதியவரைக் கண்டெடுத்த நாற்றம் சட்டையைத் துவைத்தாலும் மூக்கை விட்டுப் போகாது. குழந்தை சம்பந்தப்பட்ட அழைப்புகள் இன்னும் மோசம். ஒரு முறை அப்படி ஒரு வீட்டிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, என் மகனுக்குத் தோசை ஊட்ட உட்கார்ந்தேன். கை நடுங்கியதைப் பார்த்து அம்மா தட்டை வாங்கிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் போலீஸ்காரர்களைப் பல நாடுகளில் ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது வேறு. களத்தில் நடப்பதற்குச் சமமாக, சில சமயம் அதைவிட அதிகமாக, நிலையத்துக்குள் நடப்பது ஆளை அரிக்கிறது. 2006இல் மெக்ரியரி, தாம்சன் என்ற இருவர் போலீஸ் மன அழுத்தத்தை அளக்கத் தயாரித்த கேள்வித்தாளே இரண்டு பாகமாக இருக்கும். களப்பணியால் வருவது ஒன்று, அமைப்பால் வருவது இன்னொன்று. ஆள் பற்றாக்குறை, திடீரென மாறும் ரோஸ்டர் (பணி நேரப் பட்டியல்), மேலதிகாரி காட்டும் பாரபட்சம், முடிவில்லாத எழுத்து வேலை, சின்னப் பிழைக்குப் பெரிய விசாரணை, இவையெல்லாம் இரண்டாவது பாகம். கத்தியோடு நிற்பவனை மடக்கியதைச் சொல்லும்போது என் சகாக்களின் கண்ணில் ஒரு ஒளி இருக்கும். ரோஸ்டரைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் உடையும்.

இங்கே விசாரணை அதிகாரிகளின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரோந்தில் இருப்பவருக்கு ஷிப்ட் முடிந்தால் ரேடியோ அடுத்தவர் கையில். விசாரணை அதிகாரியின் மேசையில் கோப்பு அப்படியே இருக்கும், அவர் லீவில் போனாலும் வளரும். 2024இல் மட்டும் சிங்கப்பூரில் பதிவான மோசடிப் புகார்கள் 51,501. பறிபோன தொகை 110 கோடி வெள்ளிக்கு மேல். மோசடிகளுக்கென்று 2022இல் தனித் தலைமைப் பிரிவே அமைத்தார்கள். அப்படியும் ஒவ்வொரு புகாருக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். மத்திய சேம நிதியில் சேர்த்த காசை இழந்துவிட்டு, "பணம் எப்ப வரும்மா?" என்று வாரத்துக்கு இரண்டு முறை போன் போடும் தாத்தா இருக்கிறார். பணம் பல நாடுகள் தாண்டிப் போயிருக்கும். அதை அவரிடம் எத்தனை விதமாகச் சொல்ல முடியும்? திருடனைத் துரத்தி ஓடிய களைப்பைவிட, அந்தப் போனை எடுக்கும் முன் வரும் களைப்பு கனமானது.

இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் பகலில் தூங்க முடியவில்லை. ஏதாவது வழி?

இதைப் பற்றி நான் நிறையப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா ஆலோசனைகளையும் விட இது முக்கியம் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவருடையது போல் மந்தமாகிவிடும் என்று 1997இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 24 மணி நேரத்தை நெருங்கினால் அது 0.10 அளவுக்குச் சமம். சிங்கப்பூரில் வாகனம் ஓட்ட அனுமதிக்கப்பட்ட எல்லை 0.08. காலையில் எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பகலில் படுக்காமல், இரவு 8 மணிக்கு 12 மணி நேர ஷிப்ட்டுக்குப் போகிறவர், விடியற்காலை சாலைத் தடுப்பில் நின்று மற்றவர்களை மூச்சு ஊதச் சொல்லும்போது, தானே எல்லை தாண்டியவர் போன்ற நிலையில்தான் இருக்கிறார். அவரே மோட்டார்சைக்கிளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கும் வருகிறார்.

எனக்கு உதவியவை இவை. இரவு ஷிப்ட்டுக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது படுத்துவிடுவேன், தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் கிடப்பேன். கோப்பி நள்ளிரவோடு சரி. 3 மணிக்குக் குடிக்கும் கோப்பி காலை 9 மணிக்கும் உடம்பில் பாதி இருக்கும். விடிந்து வீட்டுக்கு வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போடுவேன், வெயில் பட்டால் மூளை பகல் என்று முடிவு செய்துவிடும். வந்ததும் பிரட்டாவும் மட்டன் குழம்பும் சாப்பிட மாட்டேன். ஆசைதான், ஆனால் வயிறு தூங்க விடாது. அறைக்குக் கனமான திரைச்சீலை போட்டேன். என் சம்பளத்தில் நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

அப்புறம் சத்தம். வீவக அடுக்குமாடி வீட்டில் காலை 9 மணிக்கு மேல் மாடியில் யாராவது சுவரை இடித்தால் நாம் ஒன்றும் சொல்ல முடியாது, அனுமதித்த நேரம்தான். கீழ்த்தளத்தில் சாவு வீடு என்றால் அதையும் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குள் வரும் சத்தத்தை நிறுத்தலாம். "பகல்லதானே சும்மா படுத்திருக்கே, மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வா" என்று சொல்லும் மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டியது நம் பொறுப்பு. மற்றவர்களுக்கு நள்ளிரவு 2 மணி எப்படியோ, இரவு ஷிப்ட் முடித்தவருக்குப் பகல் 11 மணி அப்படி. நள்ளிரவு 2 மணிக்கு யாரையாவது எழுப்பி மீன் வாங்கி வரச் சொல்வோமா?

தூக்கத்தை இழப்பது மனதோடு நிற்பதும் இல்லை. இரவு ஷிப்ட் வேலையை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வகையில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் சேர்த்தது, 2019இல் மறுபடி பார்த்தும் அதே வகையிலேயே வைத்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. "போலீஸ்காரனுக்குத் தூக்கம் எதுக்கு" என்று பெருமையாகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது போகணும்.

தமிழ் பேசும் அதிகாரிகளுக்கு என்று தனியாக ஏதாவது சுமை உண்டா?

உண்டு, அதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை.

மொழி தெரிந்தவர் என்பதால் நம்மைக் கூப்பிடுவார்கள். விபத்தில் இறந்த ஊழியரின் ஊர் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், தமிழ் தெரிந்தவர் யார்? அடிபட்ட மனைவி ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறார், யார் பேசுவது? 2013 டிசம்பர் 8 இரவு லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்தபோதும், 2020இல் கோவிட் காலத்தில் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளுக்கு ஃபாஸ்ட் எனப்படும் உதவிக் குழுக்கள் போனபோதும், தமிழ் பேசத் தெரிந்த அதிகாரிகள் இரண்டு பக்கத்துக்கும் காதாக இருந்தார்கள். மற்றவர் "அவன் என்ன சொல்றான்?" என்று கேட்டுவிட்டு நகரலாம். சொன்னதை அம்மா பேசும் மொழியில் கேட்டவருக்கு அது உள்ளே தங்கிவிடும். மொழிபெயர்த்துச் சொல்வதற்கு முன் அதை ஒரு முறை தனக்குள் கேட்டாக வேண்டுமே. அந்த வேலை எந்த ரோஸ்டரிலும் ஏறாது.

இன்னொன்று, தீபாவளி. சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு எரிகிறது, நாம் அதே சாலையில் தடுப்புக் கம்பி பக்கத்தில் நிற்கிறோம். நம்ம ஆட்கள் பட்டுச் சேலையில் கடந்து போகிறார்கள், "அக்கா, ஹாப்பி தீபாவளி!" என்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கும். வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்களா என்ற நினைப்பும் கூடவே இருக்கும். சீன, மலாய் சகாக்கள் நமக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்ட ஆண்டுகளும் உண்டு, அவர்கள் பெருநாளுக்கு நாமும் மாற்றிக் கொடுத்தோம். நல்ல டீமில் இது கேட்காமலே நடக்கும்.

கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். நிறத்தையும் மொழியையும் வைத்துச் செய்யப்படும் கேலி. "விளையாட்டுக்குத்தானே" என்று கடந்து போகச் சொல்வார்கள். கடந்து போகப் போகத்தான் அது சேரும். 2023 ஜூலையில் நம் சமூகத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரியின் மரணமும், இன ரீதியாகப் பாகுபாட்டோடு நடத்தப்பட்டதாக அவர் எழுதி வைத்ததும் இந்த ஊரையே உலுக்கியது, நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. அந்தக் குடும்பத்தின் துக்கத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு வந்த வாரங்களில் என் போன் ஓயாமல் அடித்ததை மட்டும் சொல்கிறேன். அழைத்தவர்கள் கேட்டது ஒன்றுதான். "அக்கா, எங்கே போய்ச் சொல்றது?" என் பதில்: தேதி, இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் யார் என்று அன்றே எழுதி வையுங்கள். எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் நேர் மேலதிகாரியே காரணம் என்றால் அவரைத் தாண்டிப் போவது விதிமீறல் அல்ல.

அவர் வாயைத் திறப்பதே இல்லை. எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

"இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். வழக்கு விவரத்தை வீட்டில் சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரியும், அந்தக் கேள்வி வந்ததும் கதவு மூடிக்கொள்ளும். வழக்கை விட்டுவிட்டு ஆளைக் கேளுங்கள். "இப்ப சாப்பிடுறீங்களா, கொஞ்ச நேரம் சும்மா உட்காரணுமா?" என்பது நல்ல கேள்வி. பதில் சொல்ல எளிது, எதையும் மறைக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த முதல் 20 நிமிடத்தில் மின்கட்டணம், பிள்ளையின் கணக்கு மார்க், ஊர் டிக்கெட் எதையும் எடுக்காமல் இருப்பது என்று ஒரு தம்பதி முடிவு செய்தார்கள். அவர் பூட்ஸைக் கழற்றி, குளித்து, பால் சேர்க்காத ஒரு தே ஓ குடித்து முடிக்கும் வரை. அந்த இருபது நிமிடத்துக்குப் பிறகு அவரே வந்து பேசினாராம்.

முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் பேசுவது எளிது. விசாரணை அறையில் வருடக்கணக்காக எதிரெதிரே உட்கார்ந்த ஆளுக்கு, வீட்டிலும் எதிரே உட்கார்ந்தால் அது வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும். காரில் போகும்போது, பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடக்கும்போது, பாத்திரம் துடைக்கும்போது பேசிப் பாருங்கள். "நீங்க மாறிட்டீங்க" என்று தொடங்கினால் சண்டையில் முடியும். "மூணு வாரமா நீங்க ராத்திரி சரியாத் தூங்கலை, எனக்குப் பயமா இருக்கு" என்பதில் குற்றச்சாட்டு இல்லை, நீங்கள் பார்த்ததும் உங்கள் பயமும் மட்டும்தான்.

முதல் தடவை பதில் வராது. இரண்டாவது தடவையும் வராமல் போகலாம். தொடர்ந்து கேளுங்கள், ஆனால் துரத்தாதீர்கள்.

உதவி கேட்டால் துப்பாக்கியை வாங்கிக்கொள்வார்கள், பதவி உயர்வு போய்விடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தை இல்லை என்று சொல்லித் துடைக்க முடியாது. ஆயுதம் ஏந்தும் வேலை என்பதால், ஒருவர் நிலை மோசமாக இருந்தால் சில காலம் ஆயுதமில்லாத பணிக்கு மாற்றலாம். மாற்றத்தான் வேண்டும். கால் முறிந்தவரைத் துரத்தி ஓடச் சொல்ல மாட்டோம் இல்லையா? ஆனால் பேசப் போன எல்லாரையும் அப்படி மாற்றிவிடுவார்கள் என்பது வதந்தி. நான் போனேன். ஆறு முறை உட்கார்ந்து பேசினேன். சீருடையோடுதான் திரும்பி வந்தேன். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு குறைவாகத்தான் வேலையில் கை வைக்க வேண்டிவரும்.

இன்னொரு காரணம் இருக்கிறது, வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. மனநலச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, மனநலக் கோளாற்றால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகிவிட்டவரைப் பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோகும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு. அதனால் ஒரு போலீஸ்காரர் மனநலக் கழகத்தைப் பார்ப்பது விடியற்காலை மூன்று மணிக்கு, அலறுகிற ஒருவரைக் கைவிலங்கோடு அழைத்துக்கொண்டு போகும்போது. பழைய ஆட்கள் இன்னும் அதை உட்பிரிட்ஜ் என்றுதான் சொல்வார்கள். அந்த வாசல் வழியாக நானே நோயாளியாக நுழைவதா என்ற கூச்சம் எங்களுக்குச் சாதாரண மக்களைவிடப் பத்து மடங்கு. பகலில் அங்கே வெளிநோயாளிகள் வரிசையில், லாப்டாப் பையோடு, பள்ளிச் சீருடையில், காய்கறிப் பையோடு எத்தனையோ பேர் உட்கார்ந்திருப்பதை நாங்கள் பார்த்ததில்லை.

போகும் வழிகள் பல. காவல்துறைக்குள்ளேயே உளவியலாளர்கள் இருக்கிறார்கள், துணை ஆலோசகர்களாகப் பயிற்சி பெற்ற சக அதிகாரிகளும் இருக்கிறார்கள். உள்ளே போகத் தயக்கமென்றால் குடும்ப மருத்துவர், பலதுறை மருந்தகம், வீட்டுக்குப் பக்கத்துக் குடும்ப சேவை நிலையம். தமிழில் பேசினால்தான் மனம் வருகிறது என்பவர்கள் இந்தியர் மேம்பாட்டு அமைப்பான சிண்டாவைக் கேட்கலாம், அங்கே குடும்பங்களுக்கான ஆலோசனைச் சேவை உண்டு. முதல் சந்திப்பிலேயே "நான் சொல்வது யாரிடம் போகும், எப்போது போகும்?" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. நல்ல ஆலோசகர் தெளிவாகப் பதில் சொல்வார்.

ஒரு மோசமான சம்பவம் நடந்த அன்றே எல்லாரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்வது நல்லதா?

கட்டாயப்படுத்திப் பேசவைப்பது நல்லதல்ல. ஒரே அமர்வில் சம்பவத்தைத் திரும்பச் சொல்லவைப்பது பிற்கால மனக்காயத்தைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்று 2002இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை சொன்னது. அன்றைக்கு வேண்டியது தண்ணீர், சாப்பாடு, வீட்டுக்கு ஒரு போன், கூட ஓர் ஆள். பேச விரும்புகிறவர் பேசட்டும். ஒரு மாதம் கழித்தும் கனவில் அதே காட்சி வந்தால் உளவியலாளரைப் பார்க்க வேண்டும்.

தினமும் இரண்டு பீர் குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறார்.

தூக்கம் வரும், நிற்காது. மது இறங்க இறங்கப் பாதித் தூக்கத்தில் விழிப்பு வரும், ஆழ்ந்த ஓய்வு கிடைக்காது, அடுத்த நாள் இன்னும் களைப்பு, அன்று மூன்று பீர். பாட்டிலை ஒளித்துவைத்துப் பயனில்லை. தூக்கமின்மை என்று சொல்லியே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அந்தக் காரணத்தை அவர் ஏற்றுக்கொள்வார்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

அப்பா தன்மேல் கோபமாக இருக்கிறார் என்றுதான் சின்னப் பிள்ளை நினைக்கும். "அப்பா ரொம்பக் களைச்சுப் போயிருக்கார், உன்மேல கோபம் இல்லை" என்று வாயால் சொல்லுங்கள், அவரையும் சொல்லச் சொல்லுங்கள்.

நான் டீம் லீடராக இருக்கிறேன். என் கையில் என்ன இருக்கிறது?

ஆள் எண்ணிக்கை உங்கள் கையில் இல்லை, தெரியும். லிட்டில் இந்தியா கலவரத்தை விசாரித்த குழுவின் முன்னால் 2014இல் அப்போதைய ஆணையர் இங் ஜூ ஹீயே இன்னும் 1,000 அதிகாரிகள் தேவை என்று சொன்னார். ஆணையரே கேட்டுப் பெற வேண்டியதை ஒரு சார்ஜண்ட் தர முடியாது. யோகா வகுப்பும் பழக்கூடையும் ஆள் பற்றாக்குறைக்கு மருந்தல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைக் களைத்துப் போனவர் தலையில் கட்டி, "நீ உன்னைக் கவனிச்சுக்கலை" என்பது அநியாயம்.

ஆனாலும் உங்கள் கையில் நிறைய இருக்கிறது. என் அப்பா இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு லீவு கேட்டேன். அப்போதைய என் மேலதிகாரி தலையை நிமிர்த்தாமல், "எல்லாருக்கும்தான் குடும்பம் இருக்கு" என்றார். லீவு கிடைக்காததுகூட ஆறிவிட்டது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காதது ஆறவில்லை. வேறொரு சமயம், வேறொரு அதிகாரி. நான் மேலே சொன்ன அந்தக் குழந்தை சம்பவத்துக்குப் பிறகு, "நீ போய் உட்கார், ரிப்போர்ட்டின் முதல் பாதியை நான் எழுதுறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்து நிமிட வேலை அவருக்கு. அதற்குப் பிறகு அவர் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் நான் போயிருப்பேன்.

ரோஸ்டரை முன்கூட்டியே கொடுங்கள், கொடுத்ததை முடிந்தவரை மாற்றாதீர்கள். ஓய்வு நாளில் இருப்பவருக்கு வாட்ஸ்அப் அனுப்பும் முன் இது நாளைக்குக் காத்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதியவர் மரணம், குழந்தை மரணம் ஆகியவற்றுக்கு ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள், "அவ நல்லாச் சமாளிப்பா" என்பது காரணமாகாது. யாராவது ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்தால் அதை வைத்து யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே போயிருந்தால், அதை ஒரு நாள் டீம் முன்னால் சொல்லுங்கள்.

மகன் போலீஸில் கட்டாய தேசிய சேவை செய்கிறான். இரண்டு ஆண்டுதானே, பொறுத்துக்கொள்ளச் சொல்லலாமா?

18 வயதுப் பையன் முதல் பிணத்தைப் பார்ப்பது அந்த இரண்டு ஆண்டில்தான். பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அவனுக்கு ஆலோசகரைப் பார்க்கும் வழி உண்டு, அவன் கேட்கத் தயங்கினால் பெற்றோர் அவன் பிரிவைத் தொடர்புகொண்டு சொல்லலாம்.

வேலையை விட்டுவிடலாமா?

அடித்துப்போட்ட நிலையில் இருக்கும்போது முடிவெடுக்காதீர்கள். முதலில் லீவு, தூக்கம், மருத்துவர். பிறகு பிரிவு மாற்றம் கேட்டுப் பாருங்கள். ரோந்தில் வற்றிப்போனவர் பயிற்சிப் பிரிவில் துளிர்த்ததைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தக் காலம், சேமிப்புத் திட்டத்தில் கிடைக்கும் தொகை, வீட்டுக் கடன் மூன்றையும் தாளில் எழுதிக் கணக்குப் பாருங்கள். இத்தனையும் செய்த பிறகும் மனம் போ என்றால், போகலாம். நான் போனேன். வெட்கப்படவில்லை. கடைசி நாள் சட்டையை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது அழுதேன், வருத்தத்திலா நிம்மதியிலா என்று இன்றுவரை தெரியவில்லை.

இவ்வளவையும் படித்த பிறகு, போலீஸில் சேர ஆசைப்படும் என் மகளைத் தடுக்கத் தோன்றுகிறது. தடுக்கலாமா?

தடுக்காதீர்கள். 1949இல் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்த படை இது, எங்களுக்கு முன்னால் நடந்தவர்கள் பலர். பின்னிரவில் அடிபட்டு நடுங்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெண், கதவைத் திறந்ததும் "வாம்மா, உட்காரு" என்று தமிழில் கேட்டால் அவள் முகம் என்னவாகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஆட்கள் வேண்டும்.

சேரட்டும். ஆனால் போலீஸுக்கு வெளியே இருக்கும் தோழிகளை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். நடனமோ பூப்பந்தோ, இப்போது எது பிடிக்கிறதோ அது தொடரட்டும். முதல் இரவு ஷிப்ட்டுக்கு முன்பே அவள் அறை ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை வாங்கி மாட்டிவிடுங்கள். அவள் தூங்கும் பகல்களில் வீட்டு அழைப்புமணியின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள், நான் அதைத்தான் செய்தேன்.